லெத்ராஸுக்குப் போய் வந்தவள்

மார்லெனிக்குக் குளிர் ஆகாது. மலையடிவாரத்து ஊரான மரிகித்தாவில் பிறந்து, மரிகித்தாவின் வெயிலிலேயே நாற்பத்திரண்டு வயது வரை வெந்தவள். பத்தொன்பது வயதில் ஒரே ஒருமுறை, சித்தி மகள் கல்யாணத்துக்காக, பஸ்ஸில் மலையைத் தாண்டி மனிசாலெஸுக்குப் போனாள். உச்சியில் லெத்ராஸ் கணவாய் வந்தபோது உதடு நீலம் பாரித்து, மடியிலேயே வாந்தி எடுத்து, பக்கத்துச் சீட்டுக்காரர் மேல் சரிந்துவிட்டாள். யாரோ ஒரு கிழவர் நெற்றியில் சாராயம் தேய்த்து எழுப்பினார். திரும்பி வரும்போது அந்த இடம் கடக்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் மலைப்பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

அப்படிப்பட்டவள் லெத்ராஸுக்கு சைக்கிளில் ஏறுகிற பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள் என்றதும் ஊர் நம்பவில்லை. அவளாலேயே நம்ப முடியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ரத்தத்தில் சர்க்கரை கூடிப்போயிற்று. "நடங்க, இல்லாட்டி எதையாவது மிதிங்க" என்றார் டாக்டர். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நூபியா அவளுடைய பள்ளிக்கூடத் தோழி. மாத்திரை வாங்க வந்தவளைப் பிடித்துத் தன் சைக்கிள் கூட்டத்தில் சேர்த்துவிட்டாள். ஆறு பெண்கள். வெயில் ஏறுவதற்குள் கிளம்பி, கடை திறப்பதற்குள் திரும்புவார்கள். முதல் மாதம் மார்லெனி எல்லோருக்கும் கடைசியில் வந்தாள். பிறகு ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள்: மேட்டில் ஏறும்போது யாராலும் பேச முடியாது. சந்தைத் தெருவில் இரண்டு நாற்காலி போட்ட முடி அலங்காரக் கடை அவளுடையது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர் வீட்டுச் சண்டைகளையே கேட்டுக்கொண்டிருக்கும் அவள் காதுக்கு, அந்த மேட்டில் கிடைத்த அமைதி மருந்தாக இருந்தது. முப்பது கிலோமீட்டர் ஏறி ஃப்ரெஸ்னோவில் ஒரு காப்பி குடித்துவிட்டு இறங்குவது ஞாயிற்றுக்கிழமைப் பழக்கமாயிற்று. ஃப்ரெஸ்னோவுக்கு மேலே மட்டும் போனதில்லை.

பந்தயத்துக்கான பட்டியல் உபால்தோவின் ரொட்டிக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தது. ஒரு ஞாயிறு, ஃப்ரெஸ்னோவிலிருந்து வந்த களைப்பில், சிரிப்பும் கும்மாளமுமாக இருந்த நேரத்தில், நூபியா பேனாவை எடுத்து ஆறு பேர் பெயரையும் எழுதிவிட்டாள்.

"அடிப்பாவி, என் பேரை ஏன்டி எழுதின?"

"உன் பேரு சின்னதா இருந்துச்சு. ஒரே வரியில அடங்கிடுச்சு" என்றாள் நூபியா.

கல்லாவில் நின்ற உபால்தோ கண்ணாடியை இறக்கிப் பட்டியலைப் பார்த்தார். "மேல போறேன்னு எழுதியிருக்கீங்க மார்லெனி. பார்த்து. ஒரேயடியா மேல போயிடாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மார்லெனியும் சிரித்தாள்.

எண்பது கிலோமீட்டர். ஊர்ச் சதுக்கத்தில் ஐந்நூறு மீட்டர்கூட இல்லாத உயரத்தில் தொடங்கி, மூவாயிரத்து அறுநூறைத் தாண்டிய உச்சியில் முடிகிற சாலை. காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் பத்தரைக்குள் நடுவழி ஊரான பாதுவாவைத் தாண்ட வேண்டும். பகல் இரண்டுக்குள் லெத்ராஸ் சேர வேண்டும். சேராதவர்கள் பெயர் முடிவுப் பட்டியலில் வராது. இதை அவள் நோட்டில் எழுதிக் கடைக் கண்ணாடி ஓரத்தில் செருகினாள். வாடிக்கைக்காரர்கள் அதைப் படித்துவிட்டு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருத்தியின் மைத்துனருக்கு அங்கே மூக்கில் ரத்தம் வந்ததாம். இன்னொருத்தியின் முதலாளி இறங்கும்போது விரல் விறைத்துப் பிரேக் பிடிக்க முடியாமல் மாட்டுத் தொழுவத்துக்குள் போய்விட்டாராம். தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற டீச்சர், "மூளைக்குக் காத்துப் போகலைன்னா முதல்ல மறக்கிறது சொந்தப் பேருதான்" என்றாள். மார்லெனி எல்லாவற்றுக்கும் "அப்படியா" என்று சொல்லிக்கொண்டே சீப்பைத் தவறவிட்டாள்.

வீட்டுக்காரர் ஆர்செசியோ லாரி ஓட்டுபவர். போகோத்தாவுக்கும் மனிசாலெஸுக்கும் நடுவே வாரத்துக்கு இரண்டு நடை. லெத்ராஸ் அவருக்குக் கொல்லைப்புறம் மாதிரி. இருபது வருஷமாக அந்தப் பனியையும், கொண்டை ஊசி வளைவுகளையும், உச்சியில் கிடைக்கும் சூடான வெல்லத் தண்ணியையும் பற்றி அவர் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். பந்தயத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் 'நீங்க' என்றே பேசிப் பழகியவர்கள். அவர் செல்லமாகக் கூப்பிடுவது மட்டும் 'கறுப்பி'.

"பிரேக் கட்டையை மாத்தணும் கறுப்பி" என்றார். அதற்கப்புறம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பிரேக்கைப் பற்றி மட்டுமே பேசினார். அவர் பயந்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது நூபியாவின் கூட்டம் லெத்ராஸ் வரை பழக்க ஓட்டம் போயிற்று. அந்த ஞாயிறு மார்லெனிக்கு, ஒரு பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறையும் விழாவுக்கு அலங்கார வேலை. தோழிப் பெண்களும் அம்மாக்களுமாகப் பத்துத் தலை. விட முடியாது. எனவே மறுநாள், கடைக்கு விடுமுறையான திங்கட்கிழமை, தனியாகக் கிளம்பினாள்.

ஃப்ரெஸ்னோ வரை கால் தானாகப் போயிற்று. பாதுவாவில் நிறுத்தி ஒரு சோள ரொட்டி தின்றாள். அதற்கு மேல் தெரியாத சாலை. வாழையும் காப்பியும் பின்தங்கிப் புல்மேடுகளும் கறவை மாடுகளும் வந்தன. காற்று மெலிந்தது. மெலிவதுகூடப் பரவாயில்லை, மூச்சை இழுத்தால் பாதியிலேயே நின்றது, கொட்டாவி முடியாமல் போவதைப்போல. அவள் இன்னும் ஆழமாக இழுத்தாள். விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. வாயைச் சுற்றி மரத்தது. அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கிச் சாலையைத் தின்றுவிட்டது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியவில்லை.

சைக்கிளைப் போட்டுவிட்டுச் சாலை ஓரத்து ஈரப் புல்லில் உட்கார்ந்தாள். நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டது. செத்துப்போகப் போகிறோம் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. கடைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று யோசித்தாள். பஸ்ஸில் அந்தக் கிழவர் தேய்த்த சாராயத்தின் வாடை மூக்கில் அடித்தது.

பால் கேன் ஏற்றிக் கீழே இறங்கிய ஒரு வண்டிக்காரன் நிறுத்தினான். "என்னக்கா, உட்கார்ந்துட்டீங்க?" என்றான். சைக்கிளைக் கேன்களுக்கு மேலே போட்டு, அவளை முன்னால் ஏற்றிக்கொண்டான். ஃப்ரெஸ்னோ வருவதற்குள் மூச்சு சீராகிவிட்டது. வெட்கம் மட்டும் பாக்கி. அங்கேயே இறங்கி, மிச்ச முப்பது கிலோமீட்டரை சைக்கிளிலேயே இறங்கி ஊர் வந்தாள்.

மருந்துக்கடை வாசலில் நூபியா நின்றுகொண்டிருந்தாள். மலைச்சாலையிலிருந்து சேறு தெறித்த காலோடு வருபவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினாள்.

"போயிட்டியா? மேல வரைக்கும் போயிட்டியாடி?"

மார்லெனி வாயைத் திறக்கவில்லை. ஆமாம் என்று தலை ஆடிற்று. அவ்வளவுதான். அவளைக் கேட்காமலே ஆடிய தலை என்று பின்னாளில் எத்தனையோ முறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ஆனாலும் "எத்தனை மணிக்கு?" என்று நூபியா கேட்டபோது "ஒரு மணி" என்று சொன்னது தலை இல்லை, வாய்தான்.

மறுநாள் கடையில் கேக் வெட்டினார்கள். டீச்சர் கைதட்டினாள். உபால்தோ சர்க்கரை போடாமல் தனியாக ரொட்டி சுட்டு அனுப்பினார். எல்லோரும் மேலே எப்படி இருந்தது என்று கேட்டார்கள். ஆர்செசியோ இருபது வருஷமாகச் சொன்னதையெல்லாம் எடுத்து அவள் தன் வாயால் சொன்னாள். பனி, லாரி வரிசை, வெல்லத் தண்ணியில் உருகும் பாலாடைக்கட்டி. சொல்லச் சொல்ல அது நன்றாகவே வந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்திற்று.

வியாழக்கிழமை எதில்மா கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடச் சமையல்காரி, ஐம்பத்தைந்து வயது, பருத்த உடம்பு, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவள். ஆறு பேரில் அவளும் ஒருத்தி. பழக்க ஓட்டத்துக்கு அவளும் போகவில்லை. பெயரை அடித்துவிடலாம் என்றிருந்தவள்.

"உபால்தோகிட்ட போயி என் பேரை எடுத்துடுங்கன்னு சொல்லத்தான் கிளம்பினேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள் எதில்மா. "வழியில உன் சேதி கேட்டேன். குளிர்ன்னாலே செத்துப் போறவ நீ. நீயே போயிட்டு வந்துட்ட. அப்புறம் எனக்கென்ன? நானும் வரேன்டி."

மார்லெனியின் கையிலிருந்த கத்தரி நின்றது. "எதில்மாக்கா, உங்களுக்கு பிரஷர் இருக்கே. டாக்டரைக் கேட்டீங்களா?"

"உனக்கு சர்க்கரை இல்லையா? நீ யாரைக் கேட்ட?"

"இல்லக்கா, மேல ரொம்பக் கஷ்டமா இருக்கும்…"

"இருக்கும்னு சொல்றியே. இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"ஆனாலும் போனியில்ல?"

கண்ணாடியில் எதில்மாவின் முகம் அவளையே பார்த்துச் சிரித்தது. மார்லெனி குனிந்து தரையில் கிடந்த முடியைப் பெருக்க ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தான் மலையில் விழுந்து கிடப்பதை நினைத்து முன்பு பயந்தாள். இப்போது எதில்மா விழுந்து கிடப்பதை நினைத்தாள். மூடுபனியில், ஈரப் புல்லில், அந்தப் பெரிய உடம்பு. பிள்ளைகளுக்கு சூப் ஊற்றுகிற கை. பள்ளிக்கூடம் நெருங்கும்போதெல்லாம் சமையற்கட்டுப் புகையைப் பார்த்துத் தெருவை மாற்றிக்கொண்டு போனாள். நூபியா எல்லோருக்கும் பயிற்சி அட்டவணை போட்டுக் கொடுத்தாள். எதில்மா அதை அச்சுப்பிசகாமல் செய்தாள். "மார்லெனி மாதிரி மெதுவா, நிதானமா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அடுத்த செவ்வாய் மத்தியானம் ஆர்செசியோ வீட்டில் இருந்தார். போன வாரம் சரக்கு தாமதமாகிவிட்டதால் வீட்டுக்கு வராமலே போகோத்தா போய், அங்கிருந்து இன்னொரு நடை அடித்துவிட்டு வந்திருந்தார். மாமரத்து நிழலில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவள் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஊரெல்லாம் உங்க பேச்சுதான்" என்றார் அவர்.

"ம்."

"எத்தனை மணிக்கு மேல இருந்தீங்க?"

"ஒரு மணி இருக்கும்."

அவர் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினார். செயின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அன்னைக்கு ஒரு மணிக்கு நானும் அங்கதான் இருந்தேன் கறுப்பி. கீழ சின்னதா ஒரு மண்சரிவு. பதினொன்றரையிலருந்து நாலு மணி வரைக்கும் ரோடு மூடிட்டாங்க. மேல வரிசையில நின்னுட்டிருந்தோம். ஒரு சைக்கிள் கூட வரல."

மார்லெனி தரையில் உட்கார்ந்தாள். மாமரத்துக் கிளையில் ஏதோ பறவை கத்திக்கொண்டே இருந்தது. அவர் துணியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"ஊருக்குச் சொன்னீங்க, சரி. எனக்குமா?" என்றார்.

அப்போது அவளுக்கு அழுகை வந்தது. மூச்சு பாதியில் நின்றதை, விரல் மரத்ததை, பால் வண்டியை, ஆடிய தலையை, எதில்மாவை, எல்லாவற்றையும் கொட்டினாள். கடைசியில் அவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"போகாதீங்க."

"போகலைன்னா ஏன் போகலைன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும். காய்ச்சல்னு சொல்லிடுங்க."

"இன்னொரு பொய்யா?"

"உயிரோட இருந்து சொல்ற பொய்தானே?" அவர் குரல் உயர்ந்தது. அப்படி உயர்வது அபூர்வம். "நான் அந்த ரோட்டுல என்னவெல்லாம் பார்த்திருக்கேன் தெரியுமா? உங்களுக்குச் சொன்னது பாதி. சொல்லாதது பாதி." எழுந்து, சைக்கிளை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். அன்று சாயங்காலம் லாரி எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வழக்கமாக அடிக்கும் ஹாரனை அடிக்கவில்லை.

மறுநாள் கடையைத் திறக்காமல் மார்லெனி பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சமையற்கட்டில் எதில்மா பெரிய அண்டாவில் பருப்பு கிண்டிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைத்துப் பேச நினைத்து வந்தவள், அண்டாவின் ஆவி முகத்தில் அடித்ததும் நேராகச் சொல்லிவிட்டாள்.

"நான் மேல போகலக்கா. பாதுவா தாண்டி கொஞ்ச தூரத்துல மூச்சு முட்டி உட்கார்ந்துட்டேன். பால் வண்டியில வந்தேன்."

எதில்மா கரண்டியை நிறுத்தவில்லை. இரண்டு சுற்று கிண்டினாள். பிறகு கரண்டியை அண்டாவின் விளிம்பில் 'ணங்' என்று போட்டாள்.

"மெதெயின் ஊர்ல இருக்கற என் மகளுக்கு போன் போட்டுச் சொன்னேன். மார்லெனி போயிட்டா, நானும் போவேன்னு. அவ சிரிச்சா. சிரிக்காதடி, மார்லெனி எப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி தெரியுமான்னு அவகிட்ட சண்டை போட்டேன்." அவள் கழுத்து சிவந்திருந்தது. "போ. அடுப்பு இருக்கு. இங்க நிக்காத."

"எதில்மாக்கா…"

"போன்னு சொன்னேன்."

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. நூபியா கடைக்கு வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் கத்தின கத்துல நீ வேற என்னதான் சொல்லியிருப்ப" என்று முனகிவிட்டு எழுந்து போனாள். அது மன்னிப்பா, கோபமா என்று மார்லெனிக்கு விளங்கவில்லை. டீச்சர் அந்த வாரம் சாயம் போட வரவில்லை. ரொட்டிக்கடையில் உபால்தோ எல்லோரும் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "மார்லெனி, நேத்து நிலாவுக்குப் போயிட்டு வந்தீங்களாமே? அங்க ரொட்டி கிடைக்குதா?" கடை முழுக்கச் சிரித்தது. அவள் ரொட்டியை வாங்கிக்கொண்டு, காது எரிய, நேராக நடந்தாள்.

ஆனால் அன்று சோறு இறங்கிற்று. மலை மட்டும்தான் இப்போது மிச்சம். அது போதுமான பயமாகவே இருந்தது. மிச்சமிருந்த பதினோரு நாளும் அவள் ஒரே ஒரு காரியத்தைப் பழகினாள்: மூச்சு முட்டும்போது இழுக்காமல் விடுவது. நூபியாவின் மருந்துக்கடைக்கு வரும் நர்ஸ் ஒருத்தி சொன்னது அது. "நீங்க உள்ள இழுத்துக்கிட்டே இருக்கீங்க, அதான் எறும்பு ஊருது. வெளிய ஊதுங்க. மெழுகுவத்தியை அணைக்கிற மாதிரி." மார்லெனி முடி வெட்டும்போது ஊதினாள், பாத்திரம் கழுவும்போது ஊதினாள். வாடிக்கைக்காரர்கள் பிடரியில் காற்று பட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கையுறை, கம்பளிச் சட்டை, குளிர்காற்று நெஞ்சில் ஏறாமல் சட்டைக்குள் வைத்துக்கொள்ளப் பழைய செய்தித்தாள் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைப்பாள், எடுத்து மடிப்பாள், மறுபடி பரப்புவாள். ஆர்செசியோ போனில் இரண்டு முறை பேசினார். பந்தயத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனிசாலெஸிலிருந்து சரக்கு இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

பந்தயத்தன்று விடியலில் சதுக்கத்தில் அறுபது எழுபது சைக்கிள்கள் நின்றன. மார்லெனி மூன்று தடவை கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து கடைசி வரிசையில் நின்றாள். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். எதில்மா. திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"உனக்காக வரல. பந்தயச் சட்டை எனக்குக் கச்சிதமா இருக்கு. போட்டுக்க வேற இடம் இல்ல."

"சரிக்கா."

"சரிக்கா கிரிக்கான்னு பேசாத. மூச்சை வச்சுக்க."

ஃப்ரெஸ்னோவில் ஜனங்கள் கொய்யாப்பழ அல்வாத் துண்டுகளை நீட்டினார்கள். மார்லெனி இரண்டை வாங்கி, சர்க்கரையை நினைத்து ஒன்றைத் தின்றாள். நூபியாவும் மற்ற மூவரும் முன்னால் போய் மறைந்துவிட்டார்கள். பாதுவா வந்தபோது பத்து பத்து. எதில்மா அங்கே ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்து சாக்லேட் பால் குடித்துக்கொண்டிருந்தாள். எப்போது தாண்டிப் போனாள் என்றே தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்திருந்தாள்.

"என்னக்கா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. தலை லேசா வலிச்சுது. எனக்கு இவ்வளவு போதும். மகளுக்குப் படம் அனுப்பிட்டேன்." ஒரு வாய் குடித்துவிட்டு மார்லெனியை முதல்முறையாக நேராகப் பார்த்தாள். "போ. நிக்காத. எங்க வரைக்கும் போறியோ, அதை வந்து என்கிட்ட சொல்லு."

பால் வண்டிக்காரன் நிறுத்திய இடத்தை மார்லெனி தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டாள். இன்று அங்கே பனி இல்லை, பளிச்சென்று வெயில். இரண்டு மாடுகள் நின்று சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதே இடத்தில், சொல்லி வைத்த மாதிரி, மூச்சு பாதியில் நின்றது. விரலில் எறும்பு. அவள் இறங்கி நின்று ஊதினாள். ஊதினாள். எறும்பு போகவில்லை, ஆனால் கூடவும் இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முந்நூறு அடி நடந்தாள். ஏறி மிதித்தாள். இறங்கி ஊதினாள். இப்படியே மணி பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று. ஒன்றரைக்குப் பனி வந்துவிட்டது. குளிர் செய்தித்தாளைத் தாண்டி நெஞ்சில் இறங்கிற்று. பின்னால் யாரும் இல்லை. பின்தங்கியவர்களை ஏற்றிக்கொள்ள வரும் பந்தயக் கடைசி வண்டி மட்டும் பத்தடி தள்ளி மஞ்சள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஊர்ந்தது.

இரண்டு மணிக்கு அந்தப் பந்தய வண்டிக்காரர் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கினார்.

"அக்கா, முடிஞ்சுது. பந்தயத்துக்கு மூடின ரோட்டைத் திறந்துட்டாங்க. மேல நிக்கிற லாரியெல்லாம் இப்ப இறங்கும். ஏறிடுங்க."

"எவ்வளவு தூரம் இருக்கு?"

"ஒண்ணரை கிலோமீட்டர். ஆனா இனி நேரம் எழுத மாட்டாங்க. பேரும் வராது."

"நீங்க போங்க தம்பி."

அவர் ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து லாரிகள் இறங்க ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் பனியிலிருந்து இரண்டு விளக்காக முளைத்து, காற்றால் அவளைச் சுவர் பக்கம் தள்ளிவிட்டுப் போயிற்று. அவள் சாலையோர வெள்ளைக் கோட்டை விடாமல் ஒட்டி ஏறினாள். வாய்விட்டு அழுதுகொண்டேதான் ஏறினாள். அழுவதும் ஒருவகையில் ஊதுவதுதான்.

ஆறாவது லாரி ஹாரன் அடித்து, அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நின்றது. ஆர்செசியோ கதவைத் திறந்துகொண்டு குதித்தார்.

"கறுப்பி! ஏறுங்க. உடம்பு நடுங்குது பாருங்க, ஏறுங்க."

"இன்னும் எவ்வளவு?"

அவர் அவளையே பார்த்தார். தூக்கி உள்ளே போட்டுவிடலாமா என்று கை ஒருமுறை முன்னே வந்தது. வந்த கை தன் கழுத்திலிருந்த கம்பளித் துண்டைக் கழற்றி அவள் கழுத்தில் சுற்றிற்று.

"ரெண்டு வளைவு. அப்புறம் நேரா" என்றார். "நான் இங்கயே நிக்கறேன். வண்டியைத் திருப்ப முடியாது."

"நில்லுங்க."

உச்சியில் ஒன்றுமே இல்லை. பந்தய முடிவில் நிறுத்தியிருந்த காற்றடைத்த அலங்கார வளைவு, காற்று இறக்கப்பட்டுத் தரையில் துணிமூட்டையாகக் கிடந்தது. இரண்டு பேர் அதைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மேசைகளை ஏற்றிவிட்டார்கள். பனியில் நாலு வீடும் ஒரு கடையும் அரைகுறையாகத் தெரிந்தன. மார்லெனி சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கடைக்குள் போய் வெல்லத் தண்ணி கேட்டாள். கடைக்காரி கோப்பையை வைத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள். பாதி குடித்ததும் குமட்டிற்று. வெளியே வந்து வாந்தி எடுத்தாள். மயக்கம் வரும் என்று சுவரைப் பிடித்துக் காத்திருந்தாள். வரவில்லை. திரும்பி வந்து மீதியையும் குடித்தாள். இரண்டரை மணிக்கு உச்சி சேர்ந்தவள், அரை மணி நேரம் அந்த அடுப்போரத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

இறங்கி வந்தபோது ஆர்செசியோ லாரி விளக்கைச் சிமிட்ட விட்டு, டயருக்குக் கல் வைத்து, சாலையோரத்தில் குளிரில் நின்றுகொண்டிருந்தார். சைக்கிளை வாங்கி மூட்டைகளுக்கு மேல் கட்டினார். அவளை உள்ளே ஏற்றிக் கம்பளியால் சுற்றினார்.

"போனீங்களா?" என்றார்.

"போனேன்."

"சரி" என்றார் அவர். வேறெதுவும் கேட்கவில்லை. வண்டியை எடுத்தார்.

சைக்கிளில் இருக்கும்போது கண்ணில் படாத பள்ளங்கள் லாரியின் உயரத்திலிருந்து தெரிந்தன. சாலையோரச் சுவருக்கு அந்தப்பக்கம் தரையே இல்லை. அந்த விளிம்பை ஒட்டியா இவ்வளவு நேரம் ஏறினோம் என்று இப்போதுதான் உறைத்தது. அவள் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போங்க" என்றாள். "இதுக்கு மேல மெதுவாப் போனா பின்னால வர்றவன் இறங்கி வந்து அடிப்பான்" என்றார் ஆர்செசியோ. பாதுவாவில் எதில்மா இன்னும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளையும் அவள் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டார்கள். மார்லெனி எதுவும் சொல்வதற்கு முன்பே எதில்மா அவள் கம்பளிக்குள் கையை விட்டு விரல்களைத் தொட்டுப் பார்த்து, "ஐஸ் மாதிரி இருக்கு. மேல போனவ கைதான்" என்றாள். ஃப்ரெஸ்னோ தாண்டி வெக்கை உள்ளே வந்தபோது பெண்கள் இருவரும் வாயைத் திறந்தபடி தூக்கத்தில் சாய்ந்து கிடந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை முடிவுப் பட்டியலை உபால்தோ சுவரில் ஒட்டினார். நூபியா பெயர் இருந்தது. மார்லெனி பெயர் இல்லை. வெள்ளிக்கிழமை உபால்தோ முடி வெட்டிக்கொள்ள வந்தார். துணியைப் போர்த்திக்கொண்டு கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"போன தடவை போகாமலே போனேன்னீங்க. இந்தத் தடவை போனேங்கறீங்க, பட்டியல்ல பேரைக் காணோம். எதை நம்பறது? சாட்சி யாரு?"

"கடைக்காரி ஒருத்தி இருந்தா. டிவி பார்த்துட்டிருந்தா."

"வீட்டுக்காரர்?"

"அவர் ரெண்டு வளைவு கீழ நின்னாரு."

"அப்ப யாருமே பார்க்கல?" உபால்தோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பக்கத்து நாற்காலியில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த டீச்சரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

மார்லெனி சவரக்கத்தியை விரித்து அவர் பிடரியில் வைத்தாள்.

"யாரும் பார்க்கல" என்றாள். "தலையை ஆட்டாதீங்க, காது போயிடும்."